சுண்ணாம்புக்கு அடியில் ஓர் ஆய்வுக் கட்டுரை

எங்கள் ஓவியக் கல்லூரியில் டிப்ளமோ போய் டிகிரி வந்த வருடம், கூடவே ஒரு குண்டும் வந்து விழுந்தது. கடைசி வருட மாணவர்கள் படம் வரைந்தால் மட்டும் போதாதாம். ஆய்வுக் கட்டுரையும் எழுத வேண்டும். அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து உத்தரவு. பையன்கள் கத்தினார்கள். பெயிண்டிங் துறைத் தலைவர் அவர்களைவிடச் சத்தமாகக் கத்தினார்.

"வரையறவனுக்கு எதுக்கும்மா எழுத்து? கை பேசும்!"

கலை வரலாறு நடத்துகிற எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கை பேசும்னு சொல்றதுக்கே உங்களுக்கு வாய் தேவைப்படுதே சார்" என்றேன். கட்டுரைகளை மேற்பார்க்கும் வேலையை அன்றே என் தலையில் கட்டிவிட்டார்.

வந்த கட்டுரைகளைப் பார்த்து வயிறு எரிந்தது. லைப்ரரியில் இருந்த ஒரே தடிப் புத்தகத்தைப் பங்கு போட்டுக் காப்பியடித்திருந்தார்கள். காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த பயல்கள் பாரிஸ் நகரத்து வெயிலைப் பற்றி எழுதியிருந்தார்கள்! எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன்.

மருதையன் மட்டும் எதுவுமே கொடுக்கவில்லை. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம், அப்பா அம்மா வயல் கூலிகள். தேர்தல் வந்தால் கட்சிகளுக்குச் சுவர் எழுதி, அந்தக் காசில் படித்தவன். பட்டம் கிடைத்தால் டிராயிங் மாஸ்டர் வேலை, இல்லாவிட்டால் மறுபடியும் சுவர்தான்.

"நீ ஏன்டா குடுக்கல?"

"ஒரு யோசனை இருக்கு மேடம். திட்டுவீங்க."

"திட்டறது எப்பவும் உள்ளதுதானே. சொல்லு."

"தஞ்சாவூர் பெரிய கோயில்ல நாயக்கர் காலத்துப் படத்துக்கு அடியில சோழர் காலத்துப் படம் இருக்குன்னு சொன்னீங்கல்ல? எங்க ஊர்ல ரோட்டு மேலயே பண்ணையாரோட நெல்லு குடோன் இருக்கு. அந்தச் சுவத்துல எங்காளுங்க எழுதுவாங்க, அவரு சுண்ணாம்பு அடிப்பாரு. திரும்ப எழுதுவாங்க, திரும்ப அடிப்பாரு. சுரண்டிப் பாத்தா..."

அவனை முடிக்கவே விடவில்லை. "அட ராஜா!" என்று கத்திவிட்டேன். பக்கத்து ஸ்டுடியோவில் களிமண் பிசைந்துகொண்டிருந்தவர்கள் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறினோம். கல்லூரி ஆராய்ச்சி என்றதும் பண்ணையார் சிரித்தார். "சுவத்துல என்னங்கம்மா ஆராய்ச்சி? சுரண்டிக்குங்க. போறப்ப பூசிக் குடுத்துடணும்."

மருதையன் தண்ணீர் தொட்டுத் தொட்டுச் சின்னக் கத்தியால் சுரண்டினான். மேல் சுண்ணாம்பு செதில் செதிலாக வந்தது. அடியில் ஒரு கட்சிச் சின்னமும் வேட்பாளர் பெயரும். அதற்கு அடியில் எதிர்க்கட்சியின் சின்னம், அதே வேட்பாளர் பெயர்! இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்கும் கீழே செங்காவியில் "கூலியை உயர்த்து". எல்லாவற்றுக்கும் அடியில் பிரஷ்கூட இல்லாமல் கரிக்கட்டையால் எழுதியது: "உழுபவனுக்கே நிலம்".

நடவு முடிந்து வந்த பெண்கள் காலில் சேற்றோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஏ ஆத்தா, இதுக்குத்தானே போலீஸ் வந்து தெருவையே வாரிக்கிட்டுப் போச்சு!" என்றார் ஒருவர். "இது இன்னும் அழியலியா?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கூட்டம் கூடுவதைப் பார்த்த பண்ணையாரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

மருதையன் ஒவ்வோர் அடுக்கையும் டிரேஸ் எடுத்தான். கிளம்பும்போது சுவரைப் பூசப் போனவனை அந்தப் பெண்கள் விடவில்லை, எழுத்து அப்படியே இருக்கட்டும் என்றார்கள். யார் எழுதியது, எதற்காக என்று தெருத் தெருவாகக் கேட்டு எழுதினான். எழுத எழுத அவன் படமும் மாறியது. அதுவரை காலண்டருக்குப் போகிற மாதிரி பச்சை வயல் வரைந்துகொண்டிருந்தவன், கான்வாஸில் வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசிச் சுரண்ட ஆரம்பித்தான். நானெல்லாம் அப்படி ஒரு படம் வரைந்ததில்லை. சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாய்மொழித் தேர்வு வந்தது. துறைத் தலைவர் கட்டுரையை மேஜையில் போட்டார்.

"இது ஆராய்ச்சியா, மேடைப் பேச்சா? இவனே கற்பனை பண்ணி எழுதியிருந்தா யாருக்குத் தெரியும்? இதை ஏத்துக்க முடியாது சார்."

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அதிகம் பேசாத மனிதர். "சுவர் எங்கேயும் ஓடிப் போகாதே, பாத்துட்டு வருவோம்" என்றார். ஜீப்பில் கிளம்பினோம்.

போய் இறங்கினால் குடோன் சுவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெள்ளை வெளேரென்று மின்னுகிறது. ஓர் எழுத்து இல்லை.

"பாத்தீங்களா சார்? ஆதாரம் எங்க?" என்றார் துறைத் தலைவர். பையன் பட்டம் போச்சே என்று பதறி அவனைப் பார்த்தேன்.

மருதையன் சுவரை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். விரலில் வெள்ளை ஒட்டியது. சிரித்துக்கொண்டே திரும்பினான்.

"நேத்துதான் அடிச்சிருக்காங்க சார், நீலம் போட்டிருக்காங்க. ஒரு நாள் டைம் குடுங்க. இந்த அடுக்கு கட்டுரையில விட்டுப்போச்சு, சேத்து எழுதிடறேன்."

தேர்வாளர் கை நீட்டினார். "கத்தி இருக்கா தம்பி?"

அவரே குனிந்து சுரண்டினார். ஈரச் சுண்ணாம்பு விழுந்த இடத்தில் செங்காவி எட்டிப் பார்த்தது. ஜீப் பானெட் மேலேயே மார்க் ஷீட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டார். துறைத் தலைவர் முதல் ஆளாக ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வரைகிறவனுக்கு எழுத்து எதற்கு என்று இன்றும் கேட்கிறார்கள். இளம் ஆசிரியர்களே, உங்கள் பிள்ளைகளை எழுத வையுங்கள். சுண்ணாம்பு வாளியோடு எவனாவது ஒருவன் வந்துகொண்டேதான் இருப்பான்.