வெள்ளை வண்டிக்கு மஞ்சள் கூரை

மெரிமா ஷாபிச்சுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சரயேவோவில் ஒட்டோகா பக்கம் ஒரு டயர் கடையில் வேலை. ஏழு பேர் இருந்த அந்தக் கடையில் அவள் ஒருத்திதான் பெண். வந்த புதிதில் சிலர் வண்டியை விட்டு இறங்காமலேயே, "ஆள் யாரும் இல்லையா?" என்று கேட்பார்களாம். அவள் ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்கிவிடுவாள்.

எங்கள் பத்திரிகையில் கார் பக்கம் எழுதியவர் ஓய்வு பெற்றபோது, இளைஞர்கள் வாங்கும் வண்டியை ஓர் இளைஞரே ஓட்டிப் பார்த்து எழுதட்டும் என்று ஆசிரியர் அறிவித்தார். வந்த கடிதங்களில் மெரிமாவுடையதுதான் சின்னது. 'உங்கள் ஆள் சீட்டில் சூடு வரவில்லை என்று அரைப் பக்கம் எழுதுகிறார். என் வயதுக்காரர்கள் எங்கள் கடைக்கு வந்து கேட்பதெல்லாம் இந்த டயர் இன்னொரு குளிர்காலம் தாங்குமா என்பதுதான்.' மறுநாளே அவளை வரச் சொன்னார்கள். படம் எடுக்க நான் கூடப் போனேன்.

வண்டியின் பெயர் ஸெபா. விலை குறைந்த சின்ன ஹேட்ச்பேக். கூரை, பக்கக் கண்ணாடிகளின் மூடி, டேஷ்போர்டு எல்லாவற்றுக்கும் விருப்பப்பட்ட நிறம் போட்டுக்கொள்ளலாம் என்று ஊரெல்லாம் விளம்பரம். ஷோரூமில் நெஜாத் என்கிற விற்பனையாளர் கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையும் பதினேழு அங்குலச் சக்கரமுமாக ஒன்றை நிறுத்தியிருந்தார்.

"இருக்கறதுலயே விலை கம்மியான வண்டி எங்க?" என்றாள் மெரிமா.

"அது வெறும் வெள்ளைம்மா. போட்டோல ஒண்ணும் எடுபடாது."

"போட்டோ இந்த அண்ணன் வேலை. எனக்கு ரெண்டும் வேணும். ரெண்டு ரெண்டு நாள்."

நெஜாத் என்னைப் பார்த்தார். நான் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மஞ்சள் கூரை. மெரிமா தன் கூட்டாளிகள் மூன்று பேரைப் பின்னால் ஏற்றினாள். அதில் அட்னான் ஆறரை அடி. பிஸ்ட்ரிக் ஏற்றத்தில் பாதி வழியில் வேண்டுமென்றே நிறுத்தி மறுபடி எடுத்தாள்.

"ஏய், என் முட்டி காதைத் தொடுது. இதையும் எழுது," என்றான் அட்னான்.

"எழுதறேன். இன்னும் ஒரு பொரேக் சாப்பிடு, தலை கூரையைத் தொட்டதையும் சேத்து எழுதிடறேன்."

வண்டி ஏறிவிட்டது. ஆனால் கல் பாவிய இறக்கத்தில் பல் ஆடியது. கீழே டிராம் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி, தட் என்றது. அவள் ஓரம் கட்டி, மண்டிபோட்டு ரிம்மை விரலால் தடவினாள். முகம் மாறியது. நேராகத் தன் கடைக்கு ஓட்டிப்போய், சக்கரத்தைக் கழற்றி மெஷினில் மாட்டிச் சுழற்றினாள். சக்கரம் பெரிது, டயர் மெல்லிசு; ரிம் கோணிவிட்டிருந்தது.

போனில் நெஜாத் கத்தினார். "வண்டியைக் குடுத்தா ஒடச்சுத்தான் தருவியா?"

"நாளைக்கு வெள்ளை வண்டியை எடுத்துட்டு நீங்களே வாங்க. அதே பள்ளம், அதே வேகம். பக்கத்துல ஒக்காருங்க."

வந்தார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பதினைந்து அங்குலச் சக்கரம், சதைப்பற்றான டயர். பள்ளத்தில் இறங்கி ஏறியது. கடையில் சுழற்றினால் ஒரு மயிரிழை கோணல் இல்லை. நெஜாத் குனிந்து அந்த ரிம்மைத் தானும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் காபி குடிக்கும்போது, "வெள்ளை ஜெயிச்சிருச்சு. எழுதிட வேண்டியதுதானே?" என்றேன்.

"ஜெயிச்சுது. ஆனா எனக்கே அதை வாங்கணும்னு தோணலண்ணே. மஞ்சள் கூரையில போறப்ப சிக்னல்ல ஒரு பொண்ணு பாத்துச் சிரிச்சா. எனக்கு என்னமோ ஜம்முனு இருந்துச்சு. அதையும் எழுதாம விட்டா பொய்தானே?" சர்க்கரைக் கட்டியைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "நிறம் வேணும்னா அந்தச் சக்கரத்தையும் சேத்துத்தான் வாங்கணுமாம். ஏன்?"

அந்த 'ஏன்' தான் கட்டுரை. பின்சீட்டு ஜன்னல் சின்னது, ஏசி போட்டால் மேட்டில் மூச்சு வாங்குகிறது, சீட்டை மடக்கினால் நாலு குளிர்கால டயரும் உள்ளே போகிறது, கிளட்ச் தங்கமானது என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் எழுதியிருந்தாள்: 'வெள்ளையை வாங்குங்கள். வாங்கும்போது, இதற்கு ஏன் மஞ்சள் கூரை தர மாட்டீர்கள் என்று கேளுங்கள்.' ஷோரூம் விளம்பரம் போய்விடுமே என்று ஆசிரியர் ஒரு மணி நேரம் முழித்தார். பிறகு ஒரு எழுத்தையும் தொடாமல் போட்டார்.

கேட்டார்கள். திங்கட்கிழமை பதினோரு பேர். அந்த வாரக் கடைசியில் மோஸ்டார், துஸ்லா ஊர்களின் ஷோரூம்களிலும்கூட. நெஜாத் என்னைக் கூப்பிட்டு, "யார் வந்தாலும் உள்ள நுழையறதுக்கு முன்னாடியே 'ஏன்'ங்கறாங்கய்யா. நான் என்னத்தச் சொல்ல?" என்று புலம்பினார். அதையே அவர் இறக்குமதிக் கம்பெனிக்கு எழுதி, வந்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் இணைத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் பதில் வந்தது. எல்லா நிறமும் இனி விலை குறைந்த வண்டிக்கும் உண்டு. சக்கரம் வாங்குகிறவர் இஷ்டம்.

நெஜாத் நிறங்கள் அச்சடித்த அட்டையைத் தூக்கிக்கொண்டு டயர் கடைக்கே வந்தார். மெரிமா ஒரு லாரியின் அடியில் இருந்தாள். மற்ற ஆறு பேரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

"மொத ஆர்டர் ஒன்னோடதா இருக்கட்டும். எந்த நிறம்?"

அவள் வெளியே வந்து, கையைத் துடைத்து, அட்டையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். முதலாளி இரண்டு மாதச் சம்பளத்தை முன்பணமாகத் தருவதாக அங்கேயே சொன்னார். அவளுக்குக் கண் கலங்கியது, முகம் மட்டும் சிரித்தது.

"கூரை நீலம். கண்ணாடி மூடி மஞ்சள்."

"ரெண்டும் ஒட்டாதே?"

"ஓட்டப்போறது நான்தானே?"

லாரிக்காரர்தான் முதலில் கை தட்டினார்.

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சின்னச் சக்கரமும் வண்ணக் கூரையுமாக ஸெபாக்கள் டயர் மாற்ற ஒட்டோகாவில் வரிசை கட்டின. வந்தவர்கள் கடைப் பையன்களை ஒதுக்கிவிட்டு, "மெரிமா இருக்காங்களா?" என்று கேட்டார்கள்.