கேலனுக்கு ஒரு பூசை

அன்ரனெற்றின் மகள் ஒரு படம் எடுத்திருந்தாள். இருபத்திரண்டு நிமிடப் படம். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்குள் பிசாசு இருக்கிறதென்று பயந்து தீர்த்தம் தெளிக்கிற ஒரு செபக்கூட்டத்தைப் பற்றிய பகிடிப் படம். சனிக்கிழமை பின்னேரம் டவுன்டவுனில் ஒரு சின்னத் தியேட்டரில் போடுகிறார்கள் என்று நடாஷா போனில் சொன்னபோது, அன்ரனெற் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அதுக்குள்ளை நான் வாறனோ, பிள்ளை?"

"வாறீங்கள் அம்மா. யூ ஹாவ் டு கம்."

அன்ரனெற் போனை வைத்துவிட்டுச் செபமாலையைத் தேடினாள். தேடாமல் என்ன செய்வாள்? நாலு பேர் சிரிக்க ஒரு காரியம் செய்துவிட்டு, பதின்மூன்று வருடம் அதைப்பற்றித் தாயும் மகளும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, இப்போது அதைத் திரையில் போட்டுக் காட்டினால்? சனம் சிரித்தால் சிரிக்கட்டும். மகளும் சேர்ந்து சிரிக்கிறாளா, மகளின் மனதில் தான் யார் என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. அதைத் தெரிந்துகொள்ளவும் பயமாயிருந்தது.

அன்ரனெற் பேசாலை என்கிற மீன்பிடி ஊர்க்காரி. ரொறன்ரோவில், ரெக்ஸ்டேல் பக்கத்தில் ஒரே அப்பார்ட்மென்டில் இருபத்தாறு வருடமாய் இருக்கிறாள். விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்புகிற கிச்சின் ஒன்றில் வேலை. தலையில் வலைத்தொப்பியும் கையில் கிளவுஸுமாய் நின்று தட்டுத் தட்டாய் அடுக்குவாள். அவள் அடுக்கிய தட்டில் ஒரு கரண்டி குறைந்ததென்று இதுவரை யாரும் சொன்னதில்லை. புருஷன் அல்பேட் லொறி ஓட்டுகிறவர், பாதி நாள் ரோட்டில். அன்ரனெற்றுக்கு ஞாயிறு பூசையில் பாட்டு, வெள்ளி செபக்கூட்டம். யாராவது செத்துப்போனார்கள் என்று கேள்விப்பட்டால் முதலில் கோவிலின் பங்கு அலுவலகத்துக்கு ஓடி, அவர்கள் பேரில் பூசைக்குக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற அலுவல். அழுகிற வீட்டுக்கு வேறென்னத்தைச் செய்ய ஏலும் என்று கேட்பாள்.

அந்தப் பழக்கம்தான் அவளை மாட்டிவிட்டது.

அப்போது நடாஷாவுக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கதவைச் சாத்திக்கொண்டு போனில் விக்கி விக்கி அழுதாள். கேலன் செத்துப்போனான், இரண்டு வருடப் பழக்கம், இனி அவன் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி அழுதாள். அன்ரனெற் கதவைத் தட்டி, "ஆர் பிள்ளை அது?" என்று கேட்டதற்கு, "லீவ் மீ அலோன் அம்மா" என்றுதான் பதில் வந்தது. அடுத்த நாள் அறையைக் கூட்டப் போனவள் மேசையில் ஒரு தாளைக் கண்டாள். பென்சிலில் கீறிய ஒரு பெடியனின் முகம். கீழே கேலன் ஆஷ்வூட், வயது பத்தொன்பது என்று எழுதியிருந்தது.

ஐயோ, பத்தொன்பது! அந்த வயதில் போன பிள்ளைகளை அன்ரனெற்றுக்குத் தெரியும். அவளுடைய சொந்தத் தம்பியும் சண்டைக்காலத்தில் அந்த வயதில் போனவன்தான். அவனுக்குப் பூசை வைக்கக்கூட அன்றைக்கு ஊரில் ஒரு சுவாமி மிஞ்சியிருக்கவில்லை. தாளை அப்படியே வைத்துவிட்டு வேலைக்குப் போனாள், வேலை முடிந்து நேரே பங்கு அலுவலகத்துக்குப் போனாள்.

அடுத்த ஞாயிறு கோவில் நிரம்பிய சனத்துக்கு முன்னால் சுவாமி வாசித்தார்: "கேலன் ஆஷ்வூட் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக." பக்கத்தில் நின்ற நடாஷாவின் தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று அன்ரனெற் முதுகைத் தடவிவிட்டாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள் என்பது பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் தெரிந்தது.

"அம்மா, அவன் ரியல் ஆள் இல்லை. எங்கடை கேமிலை வாற கள்ளன்."

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருப்பார்களாம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாய்ப் பேசுவார்களாம். மந்திரவாதி, வாள்வீரன், கள்ளன் எல்லாம் உண்டாம். யார் பிழைக்கிறது, யார் சாகிறது என்று தாயக்கட்டை சொல்லுமாம். அதுவும் இருபது முகமுள்ள தாயக்கட்டை. கேலனை நடாஷாதான் உண்டாக்கி, இரண்டு வருடம் அவனாய்ப் பேசியிருக்கிறாள். போன கிழமை கட்டை பிழையாய் விழுந்து அவன் செத்துப்போனான்.

இது இவ்வளவோடு நின்றிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். ஆனால் கையில் கடிக்க எடுத்த ரோல்ஸோடு பின்னால் நின்றது கிளடிஸ் அக்கா. ஒஷாவாவிலிருந்து கார் ஓட்டி வந்து செபக்கூட்டத்தை நடத்துகிறவர். அவர் காதில் விழுந்தது உலகத்தின் காதில் விழுந்த மாதிரித்தான்.

"ஐயோ ஆண்டவரே! உம்மடை பெட்டை பேயோடை விளையாடியிருக்கிறாள். நீர் அந்தப் பேய்க்குப் பூசையும் ஒப்புக்குடுத்திருக்கிறீர், அன்ரனெற்!"

அந்த வெள்ளிக்கிழமை செபக்கூட்டம் அன்ரனெற்றின் வீட்டிலேயே கூடியது. நடாஷாவை நடுவில் இருத்தி, ஒன்பது பெண்கள் தலையில் கை வைத்துச் செபித்தார்கள். அவளுடைய விளையாட்டுப் புத்தகங்களைக் கிழித்தார்கள். பென்சிலில் கீறிய அந்த முகத்தையும் கிழித்தார்கள். அவளிடமிருந்த ஏழு தாயக்கட்டைகளையும் ஒரு ஜாம் போத்தலில் போட்டு, மந்திரித்த உப்பைக் கொட்டி மூடினார்கள். இதைக் குப்பையில் போடக்கூடாது, மண்ணில்தான் தாழ்க்கவேண்டும் என்றார் கிளடிஸ். தை மாதத்தில் ரொறன்ரோவில் எந்த மண்ணைத் தோண்டுவது? கடப்பாரை போட்டாலும் கல்லில் விழுந்த மாதிரி ணங் என்னும்.

"உங்கடை வீட்டிலை வளவு இருக்குத்தானே அக்கா, பனி கரைய அங்கை தாட்டு விடுவமோ?" என்று அன்ரனெற் கேட்டாள்.

"என்ரை வளவுக்கையோ? நான் அதிலை தக்காளி நடுறனான்!" என்றார் கிளடிஸ்.

ஆகவே போத்தல் ஃப்ரீசருக்குள் போனது. பாரை மீனுக்கும் ஒடியல் மாவுக்கும் பின்னால், சித்திரையில் பார்ப்போம் என்று. சித்திரையும் வந்தது. அதற்குள் நடாஷா வீட்டில் பேசுவதை நிறுத்தியிருந்தாள். புரட்டாதியில் தூரத்து ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். பிறகு மார்க்கம் என்ற ஊரில் வேலை, வீடு வேறிடத்தில். நத்தார்ப் பண்டிகைக்கு வருவாள், சாப்பிடுவாள், "ஓம் அம்மா, இல்லை அம்மா" என்பாள், போய்விடுவாள். அன்ரனெற் அந்தப் போத்தலைத் தாழ்க்கவேயில்லை. ஃப்ரீசரைத் துப்புரவாக்கும் போதெல்லாம் வெளியே எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தாள்.

சனிக்கிழமை காலை அதை எடுத்து ஹாண்ட்பாக்குக்குள் வைத்தாள். படம் எப்படிப் போனாலும் சரி, மகளின் பொருளை மகளிடம் கொடுத்துவிடுவதென்று நினைத்தாள்.

தியேட்டரில் ஒரு பக்கம் அல்பேட், மறுபக்கம் கிளடிஸ் அக்கா. எப்படியோ கேள்விப்பட்டு ஒஷாவாவிலிருந்து வந்துவிட்டார். படம் தொடங்கியது. செபக்கூட்டத் தலைவி தாயக்கட்டையை இடுக்கியால் தூக்கிப் பிடித்து முகங்களை எண்ணினாள். "இருபது முகம். இருபது பிசாசு!" பிசாசுக்கு ஒருத்தியாய்ப் பிடிக்கவேண்டும். பெண்களோ ஒன்பதுபேர். மிச்சப் பதினொரு பேருக்கு அவள் ஊர் ஊராய்ப் போன் அடித்தாள். தியேட்டர் குலுங்கிச் சிரித்தது. எல்லாரையும்விடக் கூடச் சிரித்தது கிளடிஸ்.

"உந்தப் பொம்பிளையை எங்கையோ கண்ட மாதிரிக் கிடக்கு, அன்ரனெற்!"

அன்ரனெற் கதிரைக்குள் ஒடுங்கினாள். அடுத்தது தான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

வந்தது. வலைத்தொப்பி கழற்றாத ஒரு தாய், வேலை முடிந்த களையோடு பங்கு அலுவலகத்தில் நிற்கிறாள். செயலாளர் கேட்கிறாள்: "ஆர் உங்களுக்கு?"

"எனக்குத் தெரியாது. என்ரை பிள்ளை அழுறாள்."

"எப்ப செத்தவர்?"

"அதுவும் தெரியாது. பத்தொன்பது வயது. ஆரோ பெத்த பிள்ளை."

தியேட்டரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அன்ரனெற் கதிரை நுனிக்கு வந்தாள். அன்றைக்கு அந்த அறையில் அவளும் செயலாளர் வேரோனிக்காவும் மட்டும்தான் இருந்தார்கள். இந்தப் பேச்சை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

விளக்குப் போட்டதும் நடாஷா மேடைக்கு வந்தாள். உண்மையிலேயே பூசை நடந்ததா என்று யாரோ கேட்டார்கள். "நடந்தது" என்றாள். "எனக்கு அந்த டைஸ் கட்டையளுக்காக வருஷக்கணக்கிலை கோவம். போன வருஷம் கோவிலிலை ஷூட்டிங்குக்கு பெர்மிஷன் கேக்கப் போனன். அப்பதான் வேரோனிக்கா அன்ரி சொன்னவ, அம்மா வந்து என்ன சொன்னவ எண்டு. கேலன் செத்த நேரம் என்ரை ஃப்ரெண்ட்ஸ் எல்லாம், நெக்ஸ்ட் வீக் புது ஆளோடை வா எண்டவை. அவனுக்குச் செத்தவீடு செய்தது எங்கடை அம்மா மட்டும்தான். அந்தா இருக்கிறா."

எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அன்ரனெற் ஹாண்ட்பாக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தெய்வமே, தெய்வமே என்று வாய் தானாய்ச் சொன்னது. அல்பேட் கைலேஞ்சியைக் கொடுத்தார், பிறகு அவரே அதைத் திரும்ப வாங்கி மூக்கைத் துடைத்தார்.

வாசலில் வைத்து அன்ரனெற் போத்தலை எடுத்து நீட்டினாள். உப்பு கட்டிபட்டுப்போயிருந்தது. நடாஷா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவு நாளும் வச்சிருந்தனீங்களோ? ஏன் தாழ்க்கேல்லை?"

"முதல் நிலம் உறைஞ்சு கிடந்தது. பிறகு மனம் வரேல்லை, பிள்ளை. எப்பவாவது நீ வந்து கேப்பாய் எண்டிருந்தன். நான் செய்தது பிழை."

நடாஷா அந்தச் சனத்துக்கு நடுவிலேயே தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு வீட்டை வாறன் அம்மா. மீன்குழம்பு வையுங்கோ" என்றாள். நத்தார் இல்லாத ஒரு நாளில் அவள் தானாய் வீட்டுக்கு வருகிறேன் என்றது பதின்மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் அன்ரனெற் நேரே பங்கு அலுவலகத்துக்குப் போனாள். வேரோனிக்கா புத்தகத்தைத் திறந்தாள்.

"என்ன கருத்துக்கு அக்கா?"

"நன்றிப் பூசை. நடாஷாவுக்கு."

எழுதிவிட்டு வேரோனிக்கா பேனையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தாள். "கேலனையும் போடட்டோ?" என்று சிரித்தாள்.

அன்ரனெற் சிரிக்கவில்லை.

"போடுங்கோ. அந்தப் பெடியன்தான் என்ரை பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்து விட்டவன்."