நாலா, எட்டா?

என் தங்கைக்கு டாக்டரம்மா கொடுத்தது இரண்டே தேதிகள். திங்கட்கிழமை நாலாந்தேதி, இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை எட்டாந்தேதி. குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்தது, பனிக்குட நீரும் குறைந்துகொண்டு வந்தது. "ஆபரேஷன்தான். எட்டைத் தாண்ட வேண்டாம்" என்று ராமநாதபுரத்தில் அவர் சொன்னபோது எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே. எங்கள் வீட்டைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தும் அப்படி நினைத்தேன் பாருங்கள், என்னைத்தான் சொல்ல வேண்டும்.

தங்கச்சிமடம் வீட்டில் அப்போது நாங்கள் மூன்று பேர். அய்யா, பிரசவத்துக்கு வந்திருந்த தங்கை, நான். அம்மா இல்லை. நான் ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்; தினமும் பஸ்ஸில் பாலம் தாண்டிப் போய் வருகிறேன். கணக்கு டீச்சர் என்பதால் எனக்கு வந்த சோதனை கொஞ்சநஞ்சமில்லை. தெருவில் யார் புது சிம் வாங்கினாலும், "டீச்சர், இதக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்க, எத்தன வருது" என்று வாசலில் வந்து நிற்பார்கள். கூட்டிச் சொல்லவா நான் எம்.எஸ்சி. படித்தேன்?

எல்லாவற்றுக்கும் மூலவர் எங்கள் அய்யா. முப்பது வருஷம் விசைப்படகு வைத்திருந்தவர். முதல் படகின் பதிவு எண்ணைக் கூட்டினால் எட்டு வந்தது. எஞ்சின் மூன்று தடவை மக்கர் பண்ணியதும், வலை கடலடிப் பாறைப் பாரில் மாட்டிக் கிழிந்ததும் எட்டால்தான் என்று முடிவு கட்டி, வந்த விலைக்கு அதைத் தள்ளிவிட்டார். அடுத்த படகு கூட்டினால் அஞ்சு. அது இரண்டாம் வருஷமே நடுக்கடலில் நின்றது. அதற்கு மட்டும் டிரைவர் சரியில்லையாம்.

"எட்டு சனியோட நம்பரு" என்பார். ஞாயிறு பூசை தவறாத மனிதர், வீட்டு வாசலில் மாதா படம் மாட்டியிருப்பவர். "அய்யா, சனி நம்ம வேதத்துல எங்கன இருக்காரு?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"இது சாமி விசயம் இல்ல ஏத்தா. வெள்ளைக்காரன் கணக்கு. ஏபிசிடிக்கு அவன் போட்ட நம்பரு" என்றார். வெள்ளைக்காரன் போட்டது என்றால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டியதில்லை போலிருக்கிறது.

ஆகவே அய்யாவுக்கு நாலாந்தேதி. அவரிடம் இருந்த பழுப்பேறிய எண் கணிதப் புத்தகத்தில், நாலு என்றால் அஸ்திவாரம், உழைப்பு, நாலு பக்கமும் சமமான சதுரம் என்று போட்டிருந்தது. "நற்செய்தியும் நாலுதான்" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். சரி, நல்லது, திங்கட்கிழமையே முடிந்துவிடும் என்று நானும் பள்ளியில் லீவு சொல்லி வைத்தேன்.

அன்று மாலை சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. தங்கை வீட்டுக்காரர் அங்கே கப்பல் பட்டறையில் வெல்டர். போகும்போது நல்ல மனுஷனாகத்தான் போனார். அங்கே அவருடைய முதலாளி சீனர். அவர் காரில் இரண்டு எட்டு. இவர்கள் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கு மேல் ஐந்தாம் மாடிதானாம், லிஃப்டில் நாலு என்ற பொத்தானே கிடையாதாம். "அக்கா, நாலுன்னாலே இங்கன சாவுக்கா. எம் புள்ளைக்கு நாலு வேணாம். எட்டுன்னா செல்வம். என் முதலாளி எட்டாந்தேதி பாத்துத்தான் பட்டறையே தொறந்தாரு" என்று அழாத குறையாகச் சொன்னார். "நாலுன்னா நான் டிக்கெட் போட்டு வந்துருவேன்" என்றும் சொன்னார். அங்கே லீவு யார் கொடுக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

சனியும் ஞாயிறும் இப்படியே போயின. இங்கே எட்டு என்றால் அய்யா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுகிறார், அங்கே நாலு என்றால் மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சுகிறார். இருவரும் ஒருவரோடொருவர் நேராகப் பேசிக்கொள்ளவும் மாட்டார்கள்; மாமனார் மருமகன் மரியாதை. எல்லாம் என் வழியாகத்தான். எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கடைசியில் திங்கட்கிழமை மாப்பிள்ளைக்காக விட்டுக்கொடுக்கப்பட்டது. அய்யா அன்று இரவும் தட்டைத் தள்ளினார்.

எட்டுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அய்யா மறுபடியும் ஏதாவது கிளப்பிவிடுவார் என்று பயந்து, இரண்டு பேருடைய வாயையும் ஒரேயடியாக அடைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். புதன்கிழமை சாயங்காலம் பரீட்சைத் தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு பெரிய தாளில் கோடு போட்டு, இந்தப் பக்கம் சீனா, அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் என்று ஒன்றிலிருந்து ஒன்பது வரை எழுதினேன். போனில் தேடத் தேட எரிச்சல்தான் கூடியது. வெள்ளைக்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஒரு கட்சிக்கு எட்டு பணம், பதவி, அதிகாரம். இன்னொரு கட்சிக்கு அதே எட்டு சனி, தாமதம், துக்கம். சீனர்கள் கதை அதைவிட வேடிக்கை. அவர்கள் கூட்டுவதும் இல்லை, கிரகத்தைப் பார்ப்பதும் இல்லை. காதால் கேட்பதோடு சரி. அவர்கள் பாஷையில் நாலு என்ற சொல்லைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் சாவு என்று கேட்கிறது, அதனால் ஆகாது. எட்டு என்பது செழிப்பு என்பதைப் போல ஒலிக்கிறது, அதனால் ராசி. அய்யாவின் செல்ல எண்ணான அஞ்சு அவர்களுக்கு 'இல்லை' என்பது போல ஒலிக்குமாம்.

அப்படியே போனில் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன். "சத்தத்த வச்சுத்தான் ராசின்னா நமக்குன்னு பாஷை இல்லையா? அஞ்சுன்னா தமிழ்ல பயப்படுன்னு அர்த்தம். ஆறுன்னா ஆறிப் போ. ஏழுன்னா எந்திரின்னு வச்சுக்கலாம், ஏழரைன்னும் வச்சுக்கலாம். எட்டுன்னா கைக்கு எட்டும், எட்டாமலும் போகும். நாலுன்னா நம்ம ஊர்லயும் தூக்கிட்டுப் போறதுக்கு நாலு பேருதான். எதை எடுக்கறது, எதை விடறது?" என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நாலு நம்ம ஊர்லயும் ஆகாதுன்னு நீங்களே சொல்றீகளேக்கா" என்றார். ஒரு மணி நேரம் பேசினேன். சுவரில் முட்டிக்கொண்டிருக்கலாம், அது கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

வியாழக்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்தபோது அய்யா முகம் தெளிந்திருந்தது. டீ போட்டுக் கொடுத்தார். எட்டை ஏற்றுக்கொண்டுவிட்டார், நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்து நான் ஒன்றும் கேட்கவில்லை. துணிகள், ஃபைல், பிளாஸ்க் எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை தங்கைக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது அய்யா எட்டிப் பார்த்தார்.

"எங்கன கெளம்பிட்டீக ரெண்டு பேரும்?"

"எங்கனவா? ஆஸ்பத்திரிக்கு."

"அதத்தான் மாப்பிள்ள எட்ட வைக்கச் சொல்லிட்டாரே. நேத்தே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன், அடுத்த வாரம் வாரோம்னு. போன எடுத்த நர்ஸ் புள்ள, டாக்டரம்மாட்ட காட்டாமத் தள்ளிப் போடாதீக, நாளைக்கே கூட்டியாங்கன்னுச்சு. நான் சரிசரின்னு வச்சுட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பெருமையாகப் போனை எடுத்து, மாப்பிள்ளை வியாழக்கிழமை மதியம் அவருக்கு நேராக அனுப்பியிருந்த குரல் செய்தியைப் போட்டுக் காட்டினார். பட்டறையில் இரும்பை அறுக்கும் சத்தம். அதற்கு நடுவில் மாப்பிள்ளை கத்துகிறார்: "மாமா, கோவிச்சுக்கிடாதீக. எட்டே வைங்க மாமா, எட்டே வைங்க."

மூன்று தடவை கேட்டேன். அது எட்டே. எட்டாந்தேதியே வைங்க என்று கெஞ்சுகிறார். அய்யா காதில் அது 'எட்ட வைங்க' என்று விழுந்திருக்கிறது. எட்டப் போ, எட்ட நில் என்று நாங்கள் தினமும் சொல்லும் அந்த எட்ட. எட்டாந்தேதியைத் தூரத் தள்ளி வைக்கும்படி மருமகனே சொல்லிவிட்டதாக இவர் சந்தோஷப்பட்டு, டீ போட்டிருக்கிறார். ஒரு சத்தம் இன்னொரு சத்தத்தைப் போல இருப்பதால் பயப்படும் சீனர்களை முந்தாநாள்தான் ஒரு மணி நேரம் கேலி செய்திருந்தேன்.

"அய்யா, உங்க காதுல என்ன இருக்கு" என்று நான் ஆரம்பித்தபோது தங்கை என் கையைப் பிடித்தாள். "அக்கா, சண்டையெல்லாம் பெறகு. புள்ள காலைலருந்து அசையவே இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் எண்ணைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்து வீட்டுக் காரில் ஏறினோம். பாலத்தில் கடலை வேடிக்கை பார்க்க நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு இடையில் டிரைவர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே போனார். அய்யா முன் சீட்டில் ஜெபமாலையை உருட்டினார். அந்த ஒரு மணி நேரம் நான் பட்டதை எழுத எனக்குத் தெம்பில்லை. டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார், தங்கையை நேராக ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிப்போய்விட்டார். மதியத்துக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது. உடனே அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதது. மூன்று நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

குழந்தை தப்பித்துவிட்டது என்று தெரிந்ததும் இவர்கள் திரும்பவும் தொடங்கிவிட்டார்கள். மறுநாள் ஆஸ்பத்திரி அறையில் வீடியோ காலில் மாப்பிள்ளை, "எட்டுல பொறந்ததாலதான் பொழச்சுச்சு மாமா" என்கிறார். "அதெல்லாம் இல்ல மாப்பிள்ள, எட்டாலதான் இவ்வளவு பாடு. பேருல ஒரு எழுத்து கூடப் போட்டு அஞ்சாக்கிருவோம்" என்று அய்யா சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கினேன். "உங்க ரெண்டு பேராலதான் அந்தப் புள்ள சாகக் கெடந்துச்சு. இன்னும் உங்களுக்குப் புத்தி வரலையா?" என்று நர்ஸ் வந்து பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டுப் போனை நிறுத்தினேன். அய்யா தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்.

கட்டிலில் கண்ணை மூடிக்கிடந்த தங்கை, "அக்கா, அந்தப் பையில சைடு ஜிப்புல ஒரு தாள் இருக்கு, எடு" என்றாள்.

நாள்காட்டியிலிருந்து கிழித்த ஒரு தாள். அதன் பின்பக்கத்தில் அவள் கையெழுத்து. சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரத்தில் குழந்தை எத்தனை தடவை உதைக்கிறது என்று எண்ணி எழுதி வைக்கச் சொல்லியிருந்தாராம் டாக்டரம்மா. குறைந்தால் உடனே வரச் சொன்னாராம். திங்கள் பதினொன்று. செவ்வாய் பத்து. புதன் ஆறு. வியாழன் மூன்று. வெள்ளிக்கு எதுவும் எழுதவில்லை.

"புதன்கெழம சாயங்காலமே கொண்டாந்து நீட்டுனேன்க்கா, நீதான கணக்குப் பாப்பன்னு" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. "நீ அவரோட போன்ல பேசிக்கிட்டு இருந்த. இரு, இத முடிச்சுட்டு வாரேன்னு கையக் காட்டுன. வருவ வருவன்னு பாத்தேன். பெறகு, விடிஞ்சா ஆஸ்பத்திரிதானேன்னு இருந்துட்டேன்."

அவள் அன்று என் பக்கத்தில் வந்து நின்றதே எனக்கு ஞாபகமில்லை.