பாதி உயரத்தில் ஒரு படி

எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்கும்வரை நிற்க மாட்டாமல் அடுப்பைக் கூட்டி வைத்து, வழிய விட்டுத் திட்டு வாங்குகிறவள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த ஆராய்ச்சி, மின்னோட்டத்தைத் துளித் துளியாக அளப்பது.

தலைமுடியைவிடப் பல மடங்கு குறுகலான ஒரு சந்து. அதை அரைக்கடத்திச் சில்லில் நாங்களே செய்கிறோம். இதற்கு மேல் குளிர முடியாது என்கிற அளவுக்குக் குளிர வைத்து, அந்தச் சந்தைக் கொஞ்சங் கொஞ்சமாக அகலப்படுத்தினால், குழாயைத் திறக்கத் திறக்கத் தண்ணீர் கூடுவது போல மின்னோட்டம் கூடாது. ஒரே மட்டத்தில் நிற்கும், சட்டென்று ஏறும், மறுபடி நிற்கும். திரையில் மாடிப்படி மாதிரி கோடு விழும். இது எல்லோருக்கும் தெரிந்தது. என் சில்லில் முதல் படிக்கும் கீழே, பாதி உயரத்தில், ஒரு குட்டிப் படி வந்தது. ஒரே ஒரு முறை. சில்லில் எங்காவது பழுது இருந்தாலும் அப்படி வரும். சூடேற்றி, மறுபடி குளிர வைத்து, அப்போதும் வந்தால்தான் அதை நம்பலாம்.

அந்த இரண்டாவது முறை பெங்களூர் ஆய்வகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது நான் எங்கள் ஊரான புதுமடத்தில் இருந்தேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்று வாப்பா வரச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்குச் சார்ஜாவில் வேலை. நிக்காஹ் முடிந்ததும் நானும் அங்கே போய்விட வேண்டும். முன்பே போனில் சண்டை முற்றி, "இந்தத் தடவை அந்தப் படி வரலைன்னா நீங்க காட்டுற இடத்துக்குச் சரிங்கிறேன், போதுமா?" என்று கத்தியிருந்தேன். சவூதியில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்த வாப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஆய்வகத்தில் விழும் கோட்டைப் போனிலேயே பார்க்கலாம், ஆனால் எங்கள் வீட்டில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியருகில்தான் சிக்னல் கிடைக்கும். மதியம் முழுக்க ஏறி இறங்கினேன். காற்றில் வந்த மணல் போன் திரையில் அப்பியது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். புள்ளி புள்ளியாகக் கோடு வளர்ந்தது.

"ஏம்புள்ள, காலுல சக்கரமா கட்டியிருக்கு? அவுக வந்துருவாக, வந்து சேலைய உடுத்து," என்று உம்மா கீழேயிருந்து சத்தம் போட்டாள்.

படி வரவேண்டிய இடத்துக்குக் கோடு நெருங்கியபோது கரண்ட் போனது. கூடவே டவரும் போனது.

"கரண்ட்டுக்குப் படிச்சவ வீட்டுல கரண்ட் இல்ல," என்று உம்மா சிரித்தாள். எனக்குக் கடித்துக் குதறலாம் போலிருந்தது.

மாப்பிள்ளையின் தாயார் வந்தார். நல்ல மனுஷி. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. வியர்த்த என் முகத்துக்குத் தன் முந்தானையால் விசிறியபடியே கேட்டார்.

"நீ பாக்குற ஆராய்ச்சி எப்பத்தான் முடியும்?"

"தெரியலை மாமி."

"நிக்காஹ் ஆனா விட்டுறலாம்ல?"

வாப்பா என்னையே பார்த்தார். போனில் சிக்னல் இல்லை. கோடு அந்த இடத்தை எப்போதோ தாண்டியிருக்கும். படி வந்ததா இல்லையா என்பது அங்கே முடிந்துபோன விஷயம், எனக்குத்தான் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார முடியவில்லை. வராமல் போயிருந்தால் என்ன செய்வேன் என்று என்னையே கேட்டேன். அடுத்த சில்லைக் குளிர வைப்பேன் என்று மனசு உடனே சொன்னது.

"விட முடியாது மாமி. மன்னிச்சிருங்க."

அந்த அம்மா சர்பத்தை மெதுவாகக் குடித்து முடித்து, என் தலையைத் தொட்டுவிட்டுப் புறப்பட்டார்.

நான் மாடிக்கு ஓடினேன். வாப்பாவும் பின்னாலேயே ஏறி வந்தார். சிக்னல் வந்தது. கோடு முழுதாக விரிந்தது. பாதி உயரத்தில் எதுவுமில்லை, வழவழவென்று மேலே போயிருந்தது.

"எங்க உன் படி?"

"வரலை வாப்பா." அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அப்ப நீ சொன்ன சொல்லு?"

அவர் போனை வாங்கி, இரண்டு விரலால் கோட்டைப் பெரிதாக்கி வெகுநேரம் தேடினார். எதைத் தேடுவதென்று அவருக்குத் தெரியாது.

"இருக்கிறது இந்தச் சில்லு ஒண்ணுதானா?"

"இன்னொண்ணு இருக்கு."

"பெறகு இங்கன நின்னு என்ன அழுகை? பெங்களூர் பஸ் எத்தனை மணிக்குன்னு பாரு," என்றார். அவர் கோபம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை.