ஏப்ரல் வரை உருகாத பனி

ஓவிலா கோவ்ரோ கனடாவில், வட ஒன்டாரியோவின் சதுப்புக்காடுகளில் பதினெட்டு ஆண்டுகள் தண்டவாளம் பதித்தவர். அவர் ஊரான கோக்ரேனுக்கு வடக்கே நிலம் என்பது நீரும் பாசியும் குழைந்த சேறுதான். ஆயினும் நவம்பரில் அது உறைந்துவிட்டால் ஏப்ரல் வரை இளகாது. அந்த ஐந்து மாதமும் உழைப்பாளிக்கென்று இறைவன் பரப்பிக்கொடுத்த கல்தளம் என்பதே அவர் நம்பிக்கை. நாள்தோறும் காலையில் சிலுவைக் குறியிட்டபின், குதிகாலால் தரையை ஒருமுறை ஓங்கி மிதிப்பார். ஓசை கணீரென்று எழுந்தால் தண்டவாளத்தைத் தாங்கும் சிலீப்பர் கட்டையை வெறுந்தரைமேல் வைக்கலாம். மந்தமாக எழுந்தால் முதலில் மரக்கிளைகளை விரித்தாக வேண்டும்.

1917 பிப்ரவரியில், முதல் உலகப்போரின் நடுவே, கனடிய ரயில்வே படையின் மேஸ்திரியாக அவர் பிரான்சின் ஸோம் நதிக்கரையில் நின்றார். அங்கும் தரை கணீரென்றே ஒலித்தது.

போர்முனையை ஒட்டிய நிலவறை ஒன்றில் காயம்பட்டவர்களுக்கு முதலுதவி நடந்தது. அங்கிருந்து ஒருவரைத் தூக்குக்கட்டிலில் சுமந்து ஆஸ்பத்திரி வண்டி நிற்கும் சாலைக்குக் கொண்டுவர ஆறு பேர் வேண்டும், ஐந்து மணி நேரம் ஆகும். பலர் சாலையைக் காணாமலே கண்மூடினர். இரண்டடி அகலச் சிறுரயில் போட்டால் அது அரைமணிப் பயணம். சனிக்கிழமை தாக்குதல் என்பதால் வெள்ளி மாலைக்குள் பாதை முடிய வேண்டும் என்பது உத்தரவு. தண்டவாளமும் திருகாணியும் கடல்கடந்து வந்து மலையாய்க் குவிந்திருந்தன. சரளைக்கல் மட்டும் வந்து சேரவில்லை.

"கட்டைக்கு அடியில என்ன போடப்போறீங்க, கோவ்ரோ?" என்று கேட்டார் லெப்டினன்ட் ஸ்ட்ரதர்ஸ்.

"ஒண்ணும் வேணாம் சார். பனியே போதும். ஏப்ரல் வரைக்கும் அசையாது."

திங்கட்கிழமை காலை, அவர்கள் தங்கியிருந்த களஞ்சியத்தின் உரிமையாளரும் பீட்ரூட் விவசாயியுமான டெல்ஃபீன் அம்மையார் பால்வாளியுடன் வந்து வாசலில் நின்றார். அவர் பேசியதும் பிரெஞ்சு, ஓவிலா பேசியதும் கனடாவில் வழங்கும் பிரெஞ்சு. ஆனால் இருவரும் ஒருவர் உச்சரிப்பை ஒருவர் கேட்டு நகைப்பதுண்டு.

"மேஸ்திரி, காத்து மேக்கால திரும்பிடுச்சு. ரெண்டு மூணு நாள்ல எல்லாம் கூழாயிடும், பாருங்க."

"பிப்ரவரியிலயா மதாம்? எங்க ஊர்ல இந்த மாசம் ஏரி மேல குதிரை வண்டி ஓடும்."

"உங்க ஊர்ப் பனி உங்க ஊர்லதான் இருக்கும். அதையும் கப்பல்ல ஏத்திக்கிட்டா வந்தீங்க?"

ஓவிலாவின் மனைவிக்கு உடன்பிறந்தவனான ஹோர்மிஸ்டாஸ் அதே குழுவில் இருந்தான். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கேட்டுக்க மச்சான்! தண்டவாளம் வந்துச்சு, திருகாணி வந்துச்சு, பனிக்கு மட்டும் டிக்கெட் கிடைக்கலையாம்!"

ஓவிலாவும் சிரித்துவிட்டு வேலைக்குப் போனார். பீட்ரூட் பயிரிடுபவருக்கு உறைபனியைப் பற்றி என்ன தெரியும் என்பது அவர் எண்ணம்.

புதன்கிழமை மாலையே பாதை முடிந்தது. லெப்டினன்ட் கைகுலுக்கிப் பாராட்டினார். வியாழன் விடியலில் வெதுவெதுப்பான தூறல் விழுந்தது. ஓவிலா குதிகாலால் மிதித்தார். பூட்ஸ் கணுக்கால்வரை உள்ளே போயிற்று.

நண்பகலுக்குள், பள்ளமான இடத்தில் முந்நூறு கஜப் பாதை சேற்றுக்குள் அமிழ்ந்தது. சோதனைக்காக விட்ட தள்ளுவண்டி ஒருபுறமாய்ச் சாய்ந்து கிடந்தது. அதையே பார்த்து நின்ற லெப்டினன்ட் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குண்டு விழுந்து இளகின மண்ணுன்னு அறிக்கையில எழுதிடட்டுமா?"

"வேணாம் சார். தப்பு என்னுது. எங்க ஊர்ப் பனின்னே நெனச்சுட்டேன். எனக்குக் கிளை வேணும், அறுநூறு கட்டு. நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள பாதையை மிதக்க வெச்சுடறேன்."

போர் தின்ற காட்டில் மொட்டைக் கட்டைகளே எஞ்சியிருந்தன. உயிருள்ள கிளை இருந்தது ஓரிடத்தில்தான்: டெல்ஃபீன் அம்மையாரின் ஓடைக்கரை வில்லோ மரங்களில். படைக்கு வேண்டுமென்று உத்தரவு நீட்டியே அவற்றை வெட்டியிருக்கலாம். ஓவிலா தொப்பியைக் கையில் பிடித்தபடி தாமே போனார்.

"வாங்க, ஏரி மேல குதிரை ஓட்டுறவரே!"

"நீங்க சொன்னதுதான் சரி மதாம். நான் மடையன்."

"அது எனக்குத் திங்கக்கிழமையே தெரியும். இப்ப என்ன வேணும்?"

"உங்க வில்லோக் கிளை மொத்தமும். காயம்பட்டவங்கள ஏத்திட்டு வர்ற பாதைக்கு."

கூடை முடைய மூன்றாண்டுகளாக அவர் வளர்த்துவந்த கிளைகள் அவை. அம்மையார் ஓடைப்பக்கம் ஒருகணம் திரும்பிப் பார்த்தார். பிறகு கதவுக்குப் பின்னால் தொங்கிய வெட்டரிவாளை எடுத்தார்.

"தலைக்கிளையை மட்டும் எடுக்கணும், அடிமரத்தைத் தொடக்கூடாது. ஏப்ரல்ல துளிர்த்துடும். உங்க ஆளுங்க கண்டபடி வெட்டிப்போடுவாங்க. நானே வரேன், நடங்க."

அறுபது பேர் இறங்கினர். பாதையைத் துண்டுதுண்டாகச் சேற்றிலிருந்து பெயர்த்து வெளியே வைத்தனர். அடிப்பகுதி வெளிப்புறமும் நுனி உட்புறமுமாகக் கிளைகளைக் கிடத்தி, அதன்மேல் குறுக்காக இன்னோர் அடுக்கைப் பரப்பினர். பாய் முடைவது போன்றது அவ்வேலை. துண்டுகளைத் திரும்பத் தூக்கி வைக்கையில் அவர்கள் ஊர் வழக்கப்படி ஓவிலா மாதா மன்றாட்டு மாலையைத் தொடங்கினார். அவர் ஒரு திருநாமம் சொல்ல, மற்றவர் மறுமொழி சொல்லும் மூச்சிலேயே தண்டவாளம் உயரும். அந்தச் செபமே அறியாத ஆங்கிலேயச் சிப்பாய்களும் இருபதாம் நாமத்துக்குள் மறுமொழியைக் கற்றுக்கொண்டனர்.

"மச்சான், மாதாவுக்கு நாமம் தீர்ந்துடுச்சுன்னா?" என்றான் ஹோர்மிஸ்டாஸ்.

"திரும்ப முதல்லேருந்து. நீ தூக்குடா!"

வெள்ளி மாலை ஐந்து மணிக்குச் சிறு பெட்ரோல் எஞ்சின் பள்ளத்தில் இறங்கியது. ஓவிலா அதற்கு முன்னால் நடந்து, ஒவ்வொரு கட்டையும் அழுந்துவதைப் பாதத்தால் உணர்ந்துகொண்டே போனார். பாதை இரண்டு விரற்கடை அமிழ்ந்தது. எஞ்சின் கடந்ததும் மெல்ல மேலெழுந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் காயம்பட்ட ஒன்பது பேரோடு முதல் வண்டி புறப்பட்டது. ஒன்பது பேரும் உயிரோடு சாலை சேர்ந்தனர். தொடையில் கட்டுப்போட்ட ஸ்காட்லாந்துக்காரன் ஒருவன் தலையைத் தூக்கினான்.

"யோவ் மேஸ்திரி, இது ரயிலா படகா? வயித்தைக் கலக்கிடுச்சே!"

"ரெண்டுந்தான் தம்பி. கரை வந்துடுச்சு, எறங்கு."

தூக்குக்கட்டில்கள் இறங்கின. ஓவிலா எஞ்சின் ஓட்டுபவருக்குக் கைகாட்டினார்; வெற்று வண்டிகளோடு அது பள்ளத்தை நோக்கித் திரும்பியது. மாலைக்குள் இன்னும் ஏழுமுறை அது போய்வந்தது.