லாங்விஷ் என்ற வினைச்சொல்லை நான் கையாண்ட விதம்

யுத்த காலத்தில் எனக்கு ஆங்கிலத்தின் மேல் பெரிய மோகம். பம்பாய் ஃபோர்ட்டில், இயந்திர உதிரிச் சாமான்களைத் தருவித்து விற்கும் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ வேலை. மாதுங்காவில் மூன்றாவது மாடி அறை ஒன்றில் ஆறு பிரம்மச்சாரிகள் தங்கியிருந்தோம். ஆறு பேரில் நான் மட்டும் அசல் பிரம்மச்சாரி இல்லை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மனைவி பாலக்காட்டில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். ஜாகை கிடைத்ததும் அழைத்துக்கொள்வதாக மாதம் தவறாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். கடிதம் எழுதுவதில் நான் காட்டிய சிரத்தையை ஜாகை தேடுவதில் காட்டினேன் என்று சொல்ல முடியாது.

தினமும் ரயிலில் ஆங்கிலப் பத்திரிகை படிப்பேன். கம்பீரமாக ஒலிக்கும் வார்த்தைகளை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். அகராதி பார்ப்பது கிடையாது. வாக்கியத்தைக் கொண்டே அர்த்தத்தைப் பிடிப்பவன்தான் கெட்டிக்காரன் என்பது என் கட்சி. அப்படிப் பிடித்ததுதான் ‘லாங்விஷ்’. தலைவர்கள் சிறையில் லாங்விஷ் செய்கிறார்கள் என்று ஒரு கட்டுரையில் இருந்தது. அவர்களில் சிலரை ஒரு மாளிகையில்தான் காவல் வைத்திருக்கிறார்கள், அங்கே நூல் நூற்றும் புத்தகம் படித்தும் பொழுது போக்குகிறார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆகவே, பெரியவர்கள் ஓரிடத்தில் நிம்மதியாகத் தங்கியிருப்பதைக் குறிக்கும் மரியாதைச் சொல் அது என்று முடிவு கட்டினேன். கோயிலில் சுவாமி எழுந்தருளியிருக்கிறார் என்கிறோமே, அதற்குச் சரியான ஆங்கிலம் அகப்பட்டுவிட்டதாக அன்று முழுவதும் ஒரே சந்தோஷம்.

அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையிலிருந்து பல்சக்கரம் ஒன்று கேட்டு மூன்று கடிதம் வந்திருந்தது. வழக்கமான பதிலைப் போட்டுவிடும்படி மேனேஜர் சொன்னார். வழக்கமான பதில் எனக்கு அலுத்துப்போயிருந்தது. ‘தங்கள் மேலான கடிதம் எங்கள் மேனேஜரின் மேஜை மீது லாங்விஷ் செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று ஆங்கிலத்தில் டைப் அடித்து நீட்டினேன். அவர் ஒரு பார்ஸிக்காரர், நல்ல மனிதர். படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அந்த உற்சாகத்திலேயே மாமனாருக்கும் ஒரு கடிதம் எழுதினேன். அவர் கோர்ட்டில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ரிடயரானவர். மாப்பிள்ளைக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு என்று கேள்விப்பட்டுத்தான் பெண்ணைக் கொடுத்தார். அதனால் அவருக்கு எப்போதும் ஆங்கிலத்திலேயே எழுதுவேன். ‘தங்கள் புத்திரி தங்கள் கூரையின்கீழ் தொடர்ந்து லாங்விஷ் செய்வது எனக்கு மிகுந்த ஆனந்தத்தை அளிக்கிறது. கோடை வரையில் அவள் இன்னும் நன்றாக லாங்விஷ் செய்ய அருள்கூர்ந்து அனுமதிக்க வேண்டும்.’

பத்து நாள் கழித்து மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். கையில் அம்பர்நாத் கடிதம். ‘எங்கள் கடிதம் உங்கள் மேஜையில் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று நாங்கள் வெகு நாளாகச் சந்தேகித்து வந்தோம். அதைப் பெருமையுடன் ஒப்புக்கொள்ளும் கம்பெனியை இப்போதுதான் பார்க்கிறோம்’ என்று அதில் எழுதியிருந்தது.

“லாங்விஷ் என்றால் என்ன?” என்று கேட்டார் மேனேஜர்.

“டிக்னிட்டியோடு தங்கியிருப்பது, சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். “டிக்னிட்டியா? அரே பாபா! சீந்துவாரில்லாமல் ஒரு மூலையில் கிடந்து வாடுவது. ஜெயிலில் வாடுவது, வியாதியில் வாடுவது. சமஜ்தா ஹை?”

சமஜ்ந்தது. அம்பர்நாத்தைப் பற்றி எனக்குக் கவலையே வரவில்லை. பாலக்காடுதான் கண்முன் வந்தது. உன் பெண் உன் வீட்டில் கவனிப்பாரில்லாமல் வாடுவது எனக்குப் பேரானந்தம், இன்னும் நன்றாக வாடட்டும் என்றல்லவா மாமனாருக்கு எழுதியிருக்கிறேன்!

மத்தியானம் தபாலாபீசுக்கு ஓடி, ‘லாங்விஷை மறக்கவும், கடிதம் வருகிறது’ என்று ஆங்கிலத்தில் ஒரு தந்தி கொடுத்தேன். அது போய்ச் சேர்ந்தபோது வீட்டில் மாமியார் மட்டும் இருந்தாளாம். தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று எண்ணுகிற காலம். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழ, அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். தந்தியைப் படித்துப் பார்த்த போஸ்ட்மேன், யாரும் சாகவில்லை, லாங்விஷ் என்று யாரோ ஒருவரை மறக்கச் சொல்லியிருக்கிறது என்று விளக்கினாராம். யார் அந்த லாங்விஷ் என்று தெருவே விசாரித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மாமனார் அப்போது பெண்ணோடு பம்பாய் ரயிலில் வந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. இடுப்பில் துண்டோடு வேஷ்டி அலசிக்கொண்டிருந்தேன். வாசலில் மாமனார் வந்து நின்றார். அவருக்குப் பின்னால், டிரங்குப் பெட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு என் மனைவி. மற்ற ஐந்து பேரும் சட்டையைத் தேடிச் சிதறினார்கள்.

“மாப்பிளே, டிக்ஷனரியை மூணு தடவை புரட்டிப் பார்த்தேனாக்கும்” என்றார் மாமனார். “என் ஆத்துலே பொண்ணு நாதியில்லாமே வாடிண்டு கிடக்கறாளாம். அதுலே உங்களுக்கு ஆனந்தமாம். நாங்க அவளுக்கு என்ன குறை வச்சோம், சொல்லுங்கோ.”

கல்நெஞ்சன் என்று பெயர் எடுக்கலாம், அல்லது மூடன் என்று எடுக்கலாம். வேறு வழி இல்லை. இருந்தும், டைப் அடிக்கையில் எழுத்து மாறிவிட்டது என்று ஒரு பொய்யைத் தொடங்கினேன். கடிதத்தை எடுத்து நீட்டினார். என் கையெழுத்தில் முத்து முத்தாக எழுதியிருந்தது.

“எனக்கு அர்த்தம் தெரியாது” என்றேன்.

“தெரியாமயா எழுதினேள்?”

“நன்னா இருக்கறதுன்னு நெனச்சேன். சௌக்கியமா இருக்கறதுன்னு.”

மாமனார் என்னையே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இறங்கி நிம்மதி ஏறியது. நிம்மதிக்குப் பின்னாலேயே ஒரு பெரிய ஏமாற்றமும் வந்தது. அந்தப் பார்வையை வாங்குவதற்குக் கல்நெஞ்சனாகவே இருந்திருக்கலாம்.

முதல் மாடியில் குடியிருந்த ஒரு குடும்பம் இருவரையும் உள்ளே அழைத்துச் சாப்பாடு போட்டது. மாமனார் ஊஞ்சலில் சாய்ந்து தூங்கிப்போனார். மாடிப்படியில் மனைவியோடு பேச அப்போதுதான் வாய்ப்புக் கிடைத்தது.

“நான் அப்படி மனசுல வச்சிண்டு எழுதலே” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும். உங்களுக்கு அர்த்தம் தெரியாதுன்னு எனக்கு முன்னாலேயே தெரியும்” என்றாள். “எனக்கு எழுதின லெட்டர்லே, மேனேஜர் பூனாவுக்குப் போய் ஒரு வாரம் குடும்பத்தோட லாங்விஷ் பண்ணிட்டு வந்தார்னு எழுதியிருந்தேளே. அப்பவே அகராதி பார்த்தேன்.”

“அப்போ அப்பாகிட்டே சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா டிக்கெட் எடுத்திருப்பாரா?” படிக்கட்டின் கம்பியைத் தடவிக்கொண்டே சொன்னாள். “ஒன்றரை வருஷமா வரவா போறவாளெல்லாம் எப்போ பம்பாய், எப்போ பம்பாய்னு கேட்டிண்டே இருக்கா. லெட்டர்லே வார்த்தை சரியாத்தான் இருந்தது. ஆனந்தம்னு போட்டேளே, அதுதான் தப்பு.”

அத்தனை நாளாக மாலைகளில் நூல்நிலையம், பேச்சு, மெஸ் சாப்பாடு என்று சௌகரியமாக இருந்தவன் நான். பம்பாயில் ஜாகையே கிடைப்பதில்லை என்ற சாக்கை நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

நான்கே நாளில் ஜாகை கிடைத்தது. தாராவியில் தோல் மண்டி வைத்திருந்த திருநெல்வேலிச் சாயபு ஒருவர், செம்பூரில் ஆறு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். அன்று செம்பூர் என்றால் சேறும் புல்லும்தான். ஸ்டேஷனிலிருந்து வெகுதூரம் நடக்க வேண்டும். நானும் மனைவியும் மாமனாரும் போய் நின்றோம். தாராவி மண்டியில் எப்போதோ ஒருமுறை அறை கேட்டு வைத்திருந்த என்னைச் சாயபு அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார்.

“வாரும், வாரும்! தீவாளிக்கு முந்தியே வந்து பாரும்னு ஆள் விட்டேன்லா? ரெண்டு தரம் விட்டேன். சரின்னு சொன்னீராம், வரவே இல்லியே! இந்தக் கடைசி ரூம் உமக்காகத்தான் சும்மா கெடந்துது.”

மாமனார் வாசலில் நின்ற வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் யோசித்தேன். அவள் காத்திருக்கவில்லை. அறைக்குள் போனாள், ஜன்னலைத் திறந்தாள், குழாயைத் திருகித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து, பக்கத்தில் துடைப்பம் எங்கே விற்கும் என்று சாயபுவிடம் கேட்டாள்.