நான்காம் லைனின் புடவை

ஆயுத பூஜை அன்று மட்டும் ஒரகடத்து அந்தத் தொழிற்சாலையில் யூனிஃபார்ம் கோட்டு கிடையாது. இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்து, ஒவ்வொரு லைனும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ளும். ஒரு லைனின் பெண்கள் எல்லோரும் ஒரே புடவை கட்டி வருவது யாரும் எழுதிவைக்காத விதி. போன வருடம் நான்காம் லைனும் ஏழாம் லைனும் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே கடையில் ஒரே ஊதாப் புடவையை எடுத்துவிட்டன. படம் எடுக்கும்போது யார் எந்த லைன் என்று தெரியவில்லை. ஏழாம் லைன் சூப்பர்வைசர் நான்காம் லைன் பெண்கள் ஆறு பேரைத் தன் வரிசையில் நிற்கவைத்துவிட்டார். அந்தப் படம் ஒரு வருடம் நோட்டீஸ் போர்டில் தொங்கியது.

அதனால்தான் இந்த வருடம், உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத புடவை வேண்டும் என்று நான்காம் லைனில் பேச்சு எழுந்தது. கேன்டீனில் பாண்டிச்செல்வி வாயைத் திறந்தாள். "நான் வரைஞ்சு தாரேன்," என்றாள்.

அவளுக்கு இருபத்து நான்கு வயது. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. துணி டிசைன் டிப்ளமாவில் ஒரு வருடம் படித்து நிறுத்திவிட்டு இங்கே வந்தவள். படப்பையில் எட்டுப் பேர் தங்கும் ஹாஸ்டல் அறையில் மேல்கட்டில் அவளுடையது. தொழிற்சாலையில் காருக்குள் ஓடும் வயர்களைக் கத்தையாகக் கட்டும் வேலை. சாய்த்து நிறுத்திய பெரிய பலகையில் வரைபடம் ஒட்டியிருக்கும். அதன் மேல் பச்சை வயர், மஞ்சள் வயர் என்று ஒவ்வொன்றாக ஓட்டி, கிளை பிரித்து, டேப் சுற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து முறை அதே படம்.

லைன் லீடர் பூமாரி கோவில்பட்டிக்காரி, எதையும் நம்பி ஏமாறாதவள். புடவை அச்சடிக்க வாலாஜாபாத்தில் எல்லப்பன் என்பவரின் ஸ்கிரீன் பிரிண்ட் ஷெட் இருக்கிறது, இருபத்தெட்டுப் புடவை என்றாலும் அடித்துத் தருவார் என்று கேள்விப்பட்டதும் சம்மதித்தாள். ஆனால் கெடு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் படம் எல்லப்பனிடம் போக வேண்டும், புதன்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குள் மாதிரித் துணி லைனுக்குப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே கடைக்குச் சொல்லிக் கேட்டலாக் புடவைதான்.

பாண்டிச்செல்வி பத்து நாளில் பதினான்கு படம் வரைந்தாள். மாங்காய், அன்னம், கோபுரம், கொடி. ஒவ்வொன்றையும் பக்கத்துப் பலகையில் வேலை செய்யும் கங்காவிடம் காட்டினாள். கங்கா படப்பையில் பிறந்து வளர்ந்தவள், ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணப் பெண்களுக்கு மெகந்தி போடுகிறவள். பதினான்குக்கும் அவள் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "பாத்தது."

பாண்டிச்செல்விக்கு ஜெய்ப்பூர் போக வேண்டும் என்று தோன்றிவிட்டது. அங்கே தெருவுக்குத் தெரு மரக்கட்டையால் துணியில் அச்சடிப்பதை போனில் பார்த்திருக்கிறாள். அங்கே போய் நின்றால் படம் தானாக வந்துவிடும் என்று நினைத்தாள். புதியது வெகு தொலைவில் இருக்கிறது என்று நம்புவதில் ஒரு வசதி உண்டு. போக முடியாததையே காரணமாகச் சொல்லிக்கொண்டு சும்மா இருக்கலாம். ஆனால் அவள் சும்மா இருக்கிற ஆள் இல்லை. லீவு கேட்டாள். கிடைக்கவில்லை.

"ஜெய்ப்பூர் இன்னா ஜெய்ப்பூர்," என்றாள் கங்கா. "ஞாயித்துக்கெழம எப்டியும் வாலாஜாபாத் போவணும். காலையிலயே கெளம்பி சுத்திகினே போலாம். எங்க மாமா பையன் சக்தியையும் இட்டுகினு போலாம், அவனும் ஆர்ட்டிஸ்ட்டுதான். அப்டின்னு அவனே சொல்லிக்கிறான்."

சக்திகுமார் வல்லக்கோட்டையில் இருந்தான். லாரிகளின் முதுகில் எழுத்தும் படமும் போடுவது அவன் தொழில். இப்போது பெரும்பாலும் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை காலை ஷேர் ஆட்டோ பிடித்து இரண்டு பெண்களும் அங்கே போனபோது, கோவில் வாசலில் கக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ரோலுடன் நின்றிருந்தான். பாண்டிச்செல்வி ஆட்டோவிலேயே தலைகிறங்கிப் போயிருந்தாள். வழி நெடுக மனைப் பிரிவுகளின் முக்கோணக் கொடிகள், மஞ்சளும் வெள்ளையும் பூசிய மனைக் கற்கள், வெள்ளைப் பிளாஸ்டிக் போர்த்தி ஆயிரக்கணக்கில் நிறுத்திய புதுக் கார்கள். இரண்டு வருடமாக இதே வழியில் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போனவள் இன்று எல்லாவற்றையும் புடவையாகப் பார்த்தாள். "இத பாரு, பார்டர். ஏட்டி, அத பாரு, உடம்பு பூரா அந்தக் கட்டம்," என்று கங்காவின் தொடையில் அடித்துக்கொண்டே வந்தாள். கங்கா தொடையைத் தேய்த்துக்கொண்டே இறங்கினாள்.

கோவிலில் கும்பிட்டு வெளியே வந்ததும் ஒரு மயில் எதிரே நடந்து போனது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் "வேணாம்" என்றார்கள். பிறகு சிரித்துச் சிரித்துச் செருப்பு விட்ட இடத்தையே மறந்துவிட்டார்கள்.

வாலாஜாபாத் பஸ்ஸில்தான் சண்டை வந்தது. ஒரு படம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் கங்காவுக்கும் சக்திகுமாருக்கும் ஒத்துப்போகவே இல்லை. உள்ளங்கையில் ஒரு எள்ளளவு இடம் காலியாக இருந்தாலும் அது மெகந்தி இல்லை என்பது கங்காவின் கட்சி. லாரிக்குப் பின்னால் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் நூறடி தள்ளி இருக்கும்போதே படித்துவிட வேண்டும், அதனால் காலி இடம்தான் படமே என்பது அவன் கட்சி. கங்கா வரைந்தால் கொசு கூட உட்கார இடமிருக்காது என்றான். இவன் வரைந்தால் மாடு மேயலாம் என்றாள். கண்டக்டர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் போனது.

நடுவில் உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்விக்கு இரண்டு பேர் சொல்வதும் சரி என்று பட்டது. அந்தப் புடவையைப் பக்கத்தில் நின்று முந்தானையைத் தொட்டுப் பார்ப்பாள் ஒருத்தி. ஐம்பதடி தள்ளி மாடிப்படியிலிருந்து படம் எடுப்பான் ஒருவன். இரண்டு கண்ணுக்கும் ஒரே துணி. இதுவரை யாரும் அவளிடம் சொல்லாத கணக்கு அது. அவளே கண்டுபிடித்ததும் இல்லை. இரண்டு பேர் கத்திக்கொண்டதில் கிடைத்தது.

வாலாஜாபாத்தில் இறங்கிப் பாலாற்றுப் பாலத்துக்கு நடந்தார்கள். ஆற்றில் பெரும்பாலும் மணல்தான். நடுவே தண்ணீர் நூல் நூலாக ஓடியது. ஒரு நூல் இரண்டாகப் பிரிந்து, ஒன்று வேறொன்றுடன் சேர்ந்து, ஒன்று மணலுக்குள் இறங்கிக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. பாண்டிச்செல்வி பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். கை தானாக அசைந்தது. இந்தக் கிளையை இங்கே பிரிக்க வேண்டும், இங்கே சேர்க்க வேண்டும் என்று தினமும் நூற்றுப் பத்து முறை செய்கிற அசைவு.

"சக்திண்ணே, அந்தப் பேப்பரக் குடுங்க," என்றாள்.

ஸ்டிக்கர் ரோலின் பின்தாளில் சின்னச் சின்னக் கட்டங்கள் அச்சடித்திருக்கும். அதை ஒன்றரை மீட்டர் கிழித்துப் பாலத்தின் ஓரத்திலேயே விரித்தாள். கங்கா ஒரு முனையையும் சக்திகுமார் மறுமுனையையும் காலால் மிதித்துக்கொண்டார்கள். போகிற வருகிற வண்டிக்காரர்கள் ஏதாவது விழுந்துவிட்டதா என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். ஒரு மணி நேரத்தில் படம் முடிந்தது. முழங்கால் இரண்டும் சிராய்த்திருந்ததை அவள் எழுந்த பிறகுதான் பார்த்தாள்.

எல்லப்பன் படத்தை வாங்கித் தலைகீழாகவும் ஒரு முறை பார்த்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் வேண்டும், மூன்றுக்கு மேல் தன்னால் ஆகாது என்றார். கடுகு மஞ்சள் துணி, அதன் மேல் கரும்பச்சைக் கோடு, இப்போதைக்கு அது போதும் என்றாள் அவள்.

மாதிரி முந்தானை செவ்வாய்க்கிழமை வந்தது. புதன்கிழமை, காலை ஷிப்டின் பத்தரை மணிச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மேசைகள் இரண்டைச் சேர்த்து அதை விரித்தார்கள். உள்ளே போனுக்கு அனுமதி இல்லை, அதனால் படம் எடுக்க ஆளில்லை; இருபத்தெட்டுத் தலைகளும் துணி மேல் கவிழ்ந்தன. பிறகு ஒருத்தி ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது ஓப்பன்," என்றாள்.

அவர்கள் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது: கிளம்பிய வயர் எங்காவது போய்ச் சேர வேண்டும். பாதியில் நின்றால் அது பழுது. பழுது கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. கை நீட்டினால் கிடைக்கும்படி எல்லோரும் யூனிஃபார்ம் கோட்டின் கையில் ஒரு வரிசை ஒட்டி வைத்திருப்பார்கள். அவள் ஒன்றை உரித்து ஒட்டினாள். அடுத்தவள், இந்த இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கிறது, ஷார்ட் ஆகும் என்று ஒன்று ஒட்டினாள். இங்கே மூன்று வயர் உள்ளே போகிறது, இரண்டுதான் வெளியே வருகிறது என்று இன்னொருத்தி. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. சிரிப்பில் ஒருத்திக்குப் புரையேறியது. முந்தானையில் முப்பது அம்புக்குறிகள் ஆகிவிட்டன.

பூமாரி மட்டும் சிரிக்கவில்லை. "நல்லாத்தாம்ட்டி இருக்கு," என்றாள். "ஆனா தூரத்துல இருந்து பாத்தா வெறும் கோடு. இத கட்டிட்டு நின்னா நம்மள யாருன்னு தெரியும்? நான் கடைக்கே சொல்லிருதேன்."

அவள் சொன்னது உண்மை. அதுதான் பாண்டிச்செல்விக்கு வலித்தது. கை கழுவுவதாகச் சொல்லிக் கேன்டீனின் அந்தக் கோடியில் இருந்த குழாய்க்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். நிமிர்ந்து திரும்பியபோது, இரண்டு பேர் மடிப்பதற்காகத் துணியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஐம்பதடி இருக்கும். கரும்பச்சைக் கோடுகள் கலங்கலாகிவிட்டன. ஆனால் அவற்றின் மேல் முப்பது சிவப்புகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துள்ளிக்கொண்டிருந்தன.

ஈரக் கையோடு ஓடினாள். "மடக்காதீங்க, மடக்காதீங்க. இன்னும் தப்பு சொல்லுங்க."

அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் பூமாரியின் கையைப் பிடித்துக் குழாய்வரை இழுத்துக்கொண்டு போய்த் திருப்பி நிறுத்தினாள். பூமாரி பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அதற்குள் அங்கே ஆளுக்கு ஆள் தப்புக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு வந்த ஏழாம் லைன்காரிகளும் ஆளுக்கொன்று ஒட்டினார்கள்.

"சரி," என்றாள் பூமாரி கடைசியில். "ஆனா ஏழாம் லைன் ஒட்டுனதப் பூராத்தையும் எடுங்க."

எது யார் ஒட்டியது என்று யாருக்கும் தெரியவில்லை. மணி அடித்துவிட்டது.

ஷிப்ட் முடிந்ததும் பாண்டிச்செல்வியும் கங்காவும் பஸ் பிடித்து நான்கு மணிக்கு வாலாஜாபாத் ஷெட்டில் இருந்தார்கள். துணியை எல்லப்பனிடம் கொடுத்து அவள் பேச்சை ஆரம்பிக்கும்போது போன் வந்தது. ஷெட்டுக்குள் மோட்டார் சத்தம், அதனால் வெளியே வந்து எடுத்தாள். பூமாரி. கேட்டலாக் புடவை வேண்டாம் என்று கடைக்குச் சொல்லியாகிவிட்டது, அவர்கள் அதை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள், இனி இது ஒன்றுதான் என்றாள்.

உள்ளே திரும்பி வந்தபோது முந்தானை சுத்தமாக இருந்தது. அம்புக்குறிகள் எல்லாம் மேசை விளிம்பில் ஒரே வரிசையாக ஒட்டியிருந்தன. பஜ்ஜி வாங்கப் போயிருந்த கங்கா இப்போதுதான் வந்துகொண்டிருந்தாள்.

"இன்னாமா, இத்தினி கொறையா கண்டுபுடிச்சி அனுப்பிக்கிறாங்க?" என்றார் எல்லப்பன். கண் கலங்கியிருந்தது. "இருவது வருசமா அடிக்கிறேன். ஒரு கோடு ஒதறல, ஒரு சொட்டு கசியல. நீயே பாரு."

"அண்ணாச்சி, அதாம் டிசைனு," என்றாள் பாண்டிச்செல்வி.

அவர் மேசை விளிம்பைப் பார்த்தார். எது எங்கே இருந்தது என்று அவருக்கும் நினைவில்லை. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் மடியில் வைத்திருந்தும் ஒரு படம் எடுத்துக்கொள்ள இவளுக்குத் தோன்றவில்லை. இருபத்தெட்டுப் பேரும் ஏழாம் லைனும் சேர்ந்து கண்டுபிடித்த தப்புகள் ஒன்றுகூட மிச்சமில்லை.

கங்கா ஓரத்திலிருந்து நெருக்கமாக ஒட்டிக்கொண்டு போகலாம் என்றாள். சக்திகுமாரிடம் போனில் கேட்டதற்கு, மொத்தமே எட்டுப் போதும் என்றான். பாண்டிச்செல்வி போனைக் கங்காவின் கையில் கொடுத்து வெளியே போய்ப் பேசச் சொன்னாள். பிறகு முதல் அம்பை உரித்தாள். இரண்டு கோடு பிரியும் இடத்தில் ஒட்டினாள், எடுத்தாள், ஒரு விரல் தள்ளி ஒட்டினாள். இப்போது அவை எதையும் சுட்டிக்காட்டவில்லை. கோட்டின் போக்கில் மிதந்து போய்க்கொண்டிருந்தன. ஓரிடத்தில் ஐந்து சேர்ந்து நெருக்கின. ஒரு முழத்துக்கு ஒன்றுமே இல்லை. பிறகு ஒன்று எதிர்த்து வந்தது. ஒட்ட ஒட்ட அவளுக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது. இதை எழுதும் நான் அந்த முந்தானையைப் பிறகு பார்த்தேன். வலது கீழ்மூலையில் கூட்டம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் எந்த அம்பையும் அங்கிருந்து எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இந்த அம்புக்கு செவப்பு ஸ்கிரீன் எடுத்துட்டா அப்பறம் மாத்த முடியாதும்மா," என்றார் எல்லப்பன்.

அவரையும் கங்காவையும் துணியைப் பிடித்துக்கொண்டு ஷெட் வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு அவள் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள். நடுவே லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு லாரி மறைக்கும், விலகும். விலகும் ஒவ்வொரு முறையும் அந்தத் துணியைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. கை காட்டுகிறாள் என்று நினைத்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. வரவில்லை என்றாள். பிறகு எதற்கு நிற்கிறாள் என்று அதிலிருந்தவர்கள் அவள் பார்த்த திசையில் திரும்பினார்கள்.

"அய்ய, அங்க பாரு, பொடவைல மொளகா காயப் போட்டுக்கிறாங்க," என்றாள் காய்கறிக் கூடை வைத்திருந்த ஒருத்தி.

பாண்டிச்செல்வி மறுபடி பார்த்தாள். மிளகாய்தான். வேறு எதுவாகவும் இனி அதைப் பார்க்க முடியாது போலிருந்தது. இன்னொரு லாரி போனது. இப்போது மிளகாய் இல்லை. அடுத்தது போனது, திரும்பவும் மிளகாய்.

"இன்னாடி சொல்ற?" என்று கங்கா எதிர்ப்பக்கமிருந்து கத்தினாள். கை வலிக்கிறது என்றாள்.

பாண்டிச்செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள்.

"அடிக்கச் சொல்லுட்டி," என்றாள். "இருவத்தெட்டும்."